வீடியோ பேட்டிக்கு ஆயத்தமாவது எப்படி?

உத்தியோகம் தேடும் இளைஞர்களுக்கும் அவர்தம் பெற்றோர்களுக்கும் ஒரு பாடம்



உத்தியோகத்திற்கு மனுப் போட்டவர், அழைப்புக் கடிதம் வந்ததும் சட்டையை இஸ்திரி போட்டு, சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கி, விடியுமுன் பஸ் பிடித்துக் கோலாலம்பூர் சென்று, கம்பெனி வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆயினும் 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது முதல், ஆளை நேரில் அழைக்காமலே கம்பியூட்டர் வாயிலாகவோ கைத்தொலைபேசி வாயிலாகவோ முகம் பார்த்துப் பேசி, ஆள் பொறுக்கும் முறை பெருகிவிட்டது. அரசாங்கத்தின் பொதுச் சேவை ஆணையமும் இவ்வழியைக் கைக்கொண்டது. கட்டுப்பாடு நீங்கிற்று, ஆனால் வழக்கம் நீங்கவில்லை. முதற் சுற்றையாவது திரை வழியாக நடத்திவிடுவதே பல கம்பெனிகளுக்குச் சௌகரியமாக இருக்கிறது.

புக்கிட் பெருவாங்கில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதாமலிருப்பது தகாது. நாட்டின் முதல் தனியார் பல்கலைக்கழகம் 1996-இல் தெலெகோம் பல்கலைக்கழகம் என்ற பெயரில் மலாக்காவில்தான் தோன்றியது. 1999-இல் சைபர்ஜெயாவில் இன்னொரு வளாகம் அமைந்து, மல்டிமீடியா பல்கலைக்கழகம் என்று பெயரும் மாறிற்று. அதன் மலாக்கா வளாகம் நம் புக்கிட் பெருவாங்கிலேயே இருக்கிறது. டுரியான் துங்கலில் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பத்து பெரண்டாம், ஆயர் குரோ, செங் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. படிப்பும் அருகில், தொழிலும் அருகில். இரண்டுக்கும் நடுவே இப்போது ஒரு சிறு கண்ணாடித் திரை நிற்கிறது. அத்திரையைக் கடக்கும் வழியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது நம் கடமையல்லவா?

ஒரு பெண் கற்ற பாடம்

நாம் அறிந்த குடும்பம் ஒன்று. வாப்பாவுக்குச் சாப்பாட்டுக் கடையில் வேலை. மகள் கணக்கியல் படித்து நல்ல மதிப்பெண்களுடன் தேறியவள். ஒரு கம்பெனியிலிருந்து பிற்பகல் 3 மணிக்கு வீடியோ பேட்டி என்று அழைப்பு வந்தது. வீட்டார் இதைப் பேட்டியாகவே கருதவில்லை. "போனில்தானே பேசப் போகிறாய்" என்று இருந்துவிட்டார்கள். உம்மா சமையலறையில் மசாலா அரைத்தார். தம்பி அதே இணைப்பில் விளையாட்டில் மூழ்கியிருந்தான். மூன்றரை மணிக்கு மழை பிடித்துத் தகரக் கூரையில் கொட்டியது. படம் உறைந்தது, குரல் அறுந்தது. "பிறகு தெரிவிக்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லி முடித்துக்கொண்டார்கள். பிறகு ஒன்றும் தெரிவிக்கவில்லை.

ஆறுதல் சொல்லப் போன நம்மிடம் அப்பெண் சொன்னது வேறு. "மழையால் கெட்டுப்போகவில்லை. விடுமுறைகளில் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். மாமுவின் கடையில் கணக்கு எழுதினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டேன்" என்றாள்.

கூரையின் ஓசையை விட இச்சொல் நம் காதில் உரக்க விழுந்தது. ஓசையைத் தடுக்க ஒரு சிறு காதுக்கருவி போதும். வெட்கத்தைத் தடுக்க எந்தக் கடையில் என்ன வாங்குவது? ஆகவே இப்பாடத்தில் கருவிகளைப் பற்றி முதலிலும், மனத்தைப் பற்றிப் பின்னரும் எழுதுகிறோம். இரண்டாவதே பெரிது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

முகம் பார்த்துப் பேசும் கருவி

தொலைவிலுள்ளவர் முகத்தைப் பார்த்தபடி பேசும் வித்தை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி, வாஷிங்டனில் இருந்த ஹெர்பர்ட் ஹூவரின் முகமும் குரலும் நியூயார்க்கில் இருந்தோருக்குக் கம்பி வழியே காட்டப்பட்டன. பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியானவர் அவரே. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் படத் தொலைபேசி என்ற கருவியை வைத்தார்கள். அவ்வாண்டே அமெரிக்காவின் மூன்று நகரங்களில் அதற்கெனக் கூடங்களும் திறந்தார்கள். மூன்று நிமிடப் பேச்சுக்குக் கட்டணம் 16 டாலர் முதல் 27 டாலர் வரை! யார் பேசுவார்கள்? கருவி நிலைக்கவில்லை. 2003-இல் ஸ்கைப் வந்தது. 2013-இல் ஜூம் பொதுமக்களுக்குக் கிடைத்தது. 2017-இல் கூகுள் மீட்டும் மைக்ரோசாப்ட் டீம்ஸும் வந்தன. அன்று செல்வந்தரும் தயங்கிய ஒன்றை இன்று தோட்டத்துப் பிள்ளையும் கையில் வைத்திருக்கிறான். கருவி எளிதாகிவிட்டது, அதைக் கையாளும் ஒழுங்குதான் இன்னும் நமக்குக் கைவரவில்லை.

இணைப்பும் கருவியும்

முதலாவது, அழைப்பில் எந்தச் செயலியின் பெயர் குறித்திருக்கிறது என்று பார்த்து, மூன்று நாட்களுக்கு முன்பே அதை இறக்கி, ஒரு நண்பருடன் பேசிப் பார்க்க வேண்டும். ஜூமில் இலவசக் கணக்கு வைத்திருப்பவர் ஒரு கூட்டத்தை 40 நிமிடங்களே நடத்தலாம். ஒத்திகைக்கு அது தாராளம். திரையில் தோன்றும் நம் பெயரையும் கவனிக்க வேண்டும். விளையாட்டுக்காக வைத்த பட்டப்பெயருடன் பேட்டிக்குள் நுழைந்து, மேலதிகாரியை விழிக்க வைத்த இளைஞரை நாம் அறிவோம். அடையாள அட்டையில் உள்ள பெயரே திரையிலும் இருக்கட்டும்.

இரண்டாவது, இணைப்பின் வேகம். இருவர் தெளிவான படத்துடன் பேச, போகவும் வரவும் வினாடிக்கு ஏறத்தாழ 1.2 மெகாபிட் வேகம் இருந்தால் போதும். இக்கணக்கில் ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஏறக்குறைய ஒரு கிகாபைட் செலவாகும். கைத்தொலைபேசியின் தரவில் பேசுவோர் இருப்பை முதல் நாளே பார்த்துக்கொள்க. ஆனால் வேகம் மட்டும் போதாது. நிலையாகவும் இருக்க வேண்டும். வீட்டில் நால்வர் ஒரே இணைப்பில் படம் பார்த்தால் ஐந்தாமவர் குரல் திக்கும். திசைவிப் பெட்டிக்கு அருகில் உட்காருவது நல்லது. கம்பி போட்டு நேராக இணைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, மாற்று ஏற்பாடு. மலாக்காவில் பிற்பகல் இடிமழை அதிசயமன்று. மின்சாரம் நின்றால் வீட்டு இணைப்பும் நின்றுவிடும். ஆகவே கைத்தொலைபேசியில் முழு மின்னூட்டமும், வேறொரு நிறுவனத்தின் இணைப்பும், பேட்டி நடத்துவோரின் தொலைபேசி எண்ணும் தயாராயிருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் பதறாமல், "மன்னிக்கவும், இங்கு மின்சாரம் தடைப்பட்டது, கைத்தொலைபேசி வழியாக இரண்டு நிமிடத்தில் வருகிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். தடங்கலில் நிதானம் இழக்காதவரைக் கம்பெனிக்காரர்கள் மதிப்பார்கள்.

வீட்டில் வசதியில்லாதோர் மனம் தளர வேண்டாம். படித்த கல்லூரியிலோ, அருகிலுள்ள பொது நூலகத்திலோ, பெடி என்று முன்பு வழங்கி இப்போது நாடி எனப் பெயர் பெற்றுள்ள அரசாங்க இணைய மையத்திலோ தனி இடம் கிடைக்குமா என்று ஒரு வாரம் முன்னதாகக் கேட்டு வைக்கலாம். நண்பர் வீட்டில் ஓர் அறையை ஒரு மணி நேரம் கேட்டு வாங்குவதிலும் இழுக்கில்லை.

வெளிச்சமும் ஓசையும்

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது. காமிரா பின்னாலிருக்கும் வெளிச்சத்திற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் முகம் கறுத்துவிடும். ஜன்னலோ விளக்கோ முகத்துக்கு எதிரே இருக்கட்டும். படத்தில் கோடுகள் ஓடுவது போல் தோன்றினால் காமிராவின் அமைப்பைப் பார்க்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். காமிரா 60 என்று வைக்கப்பட்டிருந்தால் குழல் விளக்கின் துடிப்பு கோடுகளாகத் தெரியும். 50 என்று மாற்றினால் நின்றுவிடும்.

கம்பியூட்டரை மேசை மேல் அப்படியே வைத்தால் காமிரா நம் தாடையையும் கூரை விசிறியையும் காட்டும். நாலைந்து தடித்த புத்தகங்களின் மேல் தூக்கி வைத்தால், காமிராவின் கண் நம் கண்ணுக்கு நேராக வரும். கைத்தொலைபேசியில் பேசுவோர் அதைக் கையில் பிடித்தபடி பேசலாகாது. எதிலாவது அசையாமல் சாத்தி, படுக்கை வாட்டத்தில் வைக்க வேண்டும்.

விசிறியை நிறுத்தினால் வியர்க்கும். ஓட விட்டால் இரையும். காற்று நேராக ஒலிவாங்கியில் படாதபடி வைத்து, வேகத்தைக் குறைத்துக்கொள்வதே நடுவழி. காதுக்கருவி அணிந்து பேசினால் எதிரொலி வராது. வெற்றறையில் குரல் முழங்கும். ஒரு திரைச்சீலையோ துணி மூட்டையோ இருந்தால் முழக்கம் அடங்கும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

நேரில் நடக்கும் பேட்டிக்கு விண்ணப்பதாரர் ஒருவர் ஆயத்தமானால் போதும். வீட்டிலிருந்து நடக்கும் பேட்டிக்கு வீடே ஆயத்தமாக வேண்டும். பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ அந்த அரைமணி நேரம் உங்கள் வீட்டில் இல்லை. கம்பெனி அதிகாரியின் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதிகாரியின் அறைக்குள் பனியன் கைலியுடன் நுழைந்து பேனாவைத் தேடுவீர்களா?

பிள்ளைகளும் முதல் நாள் இரவே சொல்லிவிட வேண்டும். "உம்மா, நாளைக்கு மூன்று மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் அரைக்கிற வேலை வேண்டாம், ராத்தா பிள்ளைகளைப் பெரியம்மா வீட்டில் விட்டு வைங்க" என்று பணிவாகக் கேட்டால் எந்தத் தாய் மறுப்பார்? நேரத்தைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டி வைப்பதும் நன்று. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆ நேரத்தில் பேட்டி விழுந்தால், அழைப்பு வந்த அன்றே வேறு நேரம் கேட்டு மரியாதையாக எழுதலாம். கடைசி நிமிடத்தில் கேட்பதுதான் தவறு.

வெளிநாட்டுக் கம்பெனியாயின் மணிக்கணக்கில் ஜாக்கிரதை தேவை. சிங்கப்பூர் மணியும் நம் மணியும் ஒன்றே. சென்னை நமக்கு இரண்டரை மணி நேரமும் துபாய் நான்கு மணி நேரமும் பின்தங்கியவை. லண்டன் கோடையில் ஏழு மணியும், மற்றக் காலத்தில் எட்டு மணியும் பின்தங்கும். அழைப்பில் எழுதியிருப்பது எந்த ஊர் மணி என்று கேட்டுத் தெளிந்துகொள்க.

வெறுஞ்சுவர் வெட்கமன்று

செயலிகளில் நம் பின்புறத்தை மறைத்துப் பெரிய ஆபீசையோ புத்தக அலமாரியையோ காட்டும் தந்திரம் ஒன்று உண்டு. தமான் வீட்டின் சிறு அறையை மறைக்க அதை நாடிய இளைஞர் ஒருவர், தலையை அசைக்கும்போதெல்லாம் காது ஒன்று மறைந்து மறைந்து தோன்ற, பேட்டி முழுவதும் அதையே எண்ணித் தடுமாறினார். "ஆபீசிலிருந்தா பேசுகிறீர்கள்?" என்று எதிரிலிருந்தவர் இயல்பாகக் கேட்க, "ஆம்" என்று சொல்லிவிட்டார். அந்த நொடியே பின்னால் சேவல் கூவியது. சிரிப்புக்கிடமான சம்பவம்தான், ஆனால் அப்பொய்க்குப் பிறகு அவர் சொன்ன மெய்களையும் யார் நம்பியிருப்பார்கள்?

சுத்தமான வெறுஞ்சுவர் போதும். துணி காயும் கயிற்றையும் நாள்காட்டிகளையும் எடுத்துவிட்டால் எந்த ஏழை வீட்டிலும் மூன்றடிச் சுவர் கிடைக்கும். எளிய வீட்டிலிருந்து படித்து வந்தவர் என்பது குறையன்று, அது தகுதி.

உடை, பார்வை, பேச்சு

நேரில் போவதானால் எதை உடுத்துவோமோ அதையே உடுத்துக. இடுப்புக்கு மேல் சட்டை, கீழே கைலி என்றிருந்தால் எழுந்து சான்றிதழ் எடுக்க நேரும்போது மானம் போகும். மெல்லிய கோடுகளும் சிறு கட்டங்களும் உள்ள துணி திரையில் அலையடிப்பது போல் மின்னும். ஒரே நிறத் துணி நன்று. முக்காடு அணியும் சகோதரிகள் சுவரின் நிறத்திலேயே துணி எடுக்க வேண்டாம். முகம் மட்டும் மிதப்பது போல் தோன்றும்.

திரையில் தெரியும் முகத்தைப் பார்த்துப் பேசினால், எதிரில் இருப்பவருக்கு நாம் கீழே பார்ப்பது போல் தெரியும். பேசும்போது காமிராவின் கண்ணைப் பார்க்க வேண்டும். கேட்கும்போது முகத்தைப் பார்க்கலாம். காமிராவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பொட்டு ஒட்டிக்கொண்டால் கண் அங்கே தங்கும்.

குரல் போய்ச் சேரச் சற்றுக் காலம் பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு வழிக்கு 150 மில்லிவினாடிக்கு மேல் தாமதம் கூடாதென்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மிஞ்சினால் ஒருவர் பேச்சில் மற்றவர் மோதுவார். இணைப்புத் தாமதம் ஒரு வினாடியைத் தாண்டினால், எதிரிலிருப்பவரைக் கவனமில்லாதவர் என்று மக்கள் தவறாக எடைபோடுகிறார்கள் என்று 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. குற்றம் கம்பியினுடையது, பழி மனிதர் மேல்! ஆகவே கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு பொறுத்துப் பேசத் தொடங்குக. கேட்கும்போது தலையசைத்துக் கவனத்தைக் காட்டுக. ஒரே காலத்தில் இருவரும் பேசிவிட்டால், "தாங்கள் சொல்லுங்கள்" என்று விட்டுக்கொடுக்க. கேள்வி சரியாகக் காதில் விழாவிட்டால் ஊகித்துப் பதில் சொல்வதை விட, மீண்டும் சொல்லும்படி கேட்பதே மேல்.

திரையைச் சுற்றிச் சிறு தாள்கள் ஒட்டி, பதிலை வாசித்து ஒப்பிக்கும் வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. வாசிக்கும் கண் இடம் வலமாக ஓடுவதை எதிரிலிருப்பவர் காணாமலிருப்பாரா? ஐந்தாறு சொற்கள் குறித்த ஒரே தாள் போதும்.

விடை சொல்லும் முறை

இனி மனத்துக்கு வருவோம். "நீர் ஒரு சிக்கலைத் தீர்த்த சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லும்" என்ற வகைக் கேள்விகள் இப்போது அதிகம். இதற்கு நான்கு படிகளில் விடை சொல்லும்படி வேலை பயிற்றுவோர் கற்பிக்கிறார்கள்: நிலைமை என்ன, நம் கடமை என்ன, நாம் செய்தது என்ன, பலன் என்ன. நான்கையும் ஒன்றரை அல்லது இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும்.

மேலே சொன்ன பெண்ணுக்கு இம்முறையை விளக்கி, அவளுடைய கடைக் கணக்கையே எடுத்துச் சொல்லும்படி கேட்டோம். முதலில் தயங்கினாள். பிறகு அவள் சொன்னதன் சாரம் இது:

"மாமுவின் சாப்பாட்டுக் கடையில் இரவு கல்லாவை எண்ணும்போது விற்பனைக்கும் பணத்துக்கும் ஒத்து வருவதில்லை. அது நிலைமை. விடுமுறையில் கணக்கைச் சரி பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அது கடமை. ஒரு வாரம் ஒவ்வொரு வேளையின் கணக்கையும் தனித்தனியாக எழுதினேன். வேலையாட்கள் மாறும் நேரத்தில் கடன் சீட்டுகள் எழுதப்படாமல் விடுபடுவதைக் கண்டேன். ஆள் மாறும்போது இருவரும் கையெழுத்திடும் ஒரு நோட்டுப் போட்டேன். அது செய்கை. அடுத்த மாதம் முதல் கணக்கு ஒத்து வந்தது. யார் மேலும் பழி விழவில்லை. அது பலன்."

சகோதரர்களே, இதை விடச் சிறந்த கணக்காய்வாளர் விடை உண்டா? இதை ஒளித்து வைத்துவிட்டல்லவா "ஒன்றும் செய்யவில்லை" என்று சொன்னாள்!

நம் பிள்ளைகளில் பலர் கடையில் தேநீர் ஆற்றியிருக்கிறார்கள். இரவுச் சந்தையில் துணி விற்றிருக்கிறார்கள். பணமாற்றுக் கடையில் நாணயங்களை எண்ணியிருக்கிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த நண்பர்கள் விடுமுறையில் பெற்றோருடன் செம்பனைப் பழம் பொறுக்கியிருக்கிறார்கள். இவற்றைப் பேட்டியில் சொல்வது கேவலம் என்று யாரோ அவர்கள் மனத்தில் விதைத்திருக்கிறார்கள். நெரிசல் வேளையில் பத்து மேசைகளின் கட்டளையை மனத்தில் வைத்துத் தவறாமல் கொடுப்பது ஞாபகசக்தி. கோபித்துக்கொண்ட வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தி அனுப்புவது சாமர்த்தியம். பிறர் பணத்தைக் காசு குறையாமல் ஒப்படைப்பது நாணயம். இம்மூன்றும் தேவைப்படாத உத்தியோகம் எது? சொல்லும் முறை தெரிந்தால் போதும்.

மொழியைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். ஆங்கிலத்திலோ மலாயிலோ நீண்ட வாக்கியம் தடுமாறினால், சிறிய வாக்கியமாகச் சொல்லலாம். விடையைத் தாய்மொழியில் யோசித்து, பேட்டி மொழியில் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுக. கைத்தொலைபேசியில் பதிவு செய்து கேட்டால் நம் குறை நமக்கே தெரியும்.

அரசாங்க உத்தியோகம் நாடுவோர்

பொதுச் சேவை ஆணையம் கூட்டரசு அரசியல் சட்டத்தின் 139-ஆவது விதிப்படி அமைந்தது. அதன் பேட்டி மலாய் மொழியில் நடப்பது. மனுச் செய்த பதவியின் கடமைகள், அது எந்த இலாகாவைச் சேர்ந்தது, அமைச்சர் யார், 1970-இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள், அன்றாட நாட்டு நடப்பு ஆகியவற்றைத் தெரிந்துகொண்டே உட்கார வேண்டும். அழைப்பில் குறித்த உடைக்கட்டுப்பாட்டை அப்படியே பின்பற்றுக. அடையாள அட்டையும் மூலச் சான்றிதழ்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தனியார் வேலை தேடுவோர், பெர்கெசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம்.

ஆளில்லாப் பேட்டி

சில கம்பெனிகளில் எதிரே மனிதரே இருப்பதில்லை. திரையில் கேள்வி எழுத்தில் தோன்றும். யோசிக்கச் சில வினாடிகள் தருவார்கள். பிறகு ஓரிரு நிமிடம் நாம் பேசுவது பதிவாகும். முகமில்லாத திரையிடம் பேசுவது பலருக்கும் கூச்சமாக இருக்கும். காமிராவுக்குப் பின்னால் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் படத்தை வைத்துக்கொண்டு அவரிடம் பேசுவதாக எண்ணிக்கொள்வது பலன் தரும்.

இப்பதிவுகளை இயந்திரமே எடைபோடுவதும் உண்டு. அமெரிக்காவில் ஹயர்வியூ என்ற கம்பெனி முகபாவங்களைக் கொண்டும் மதிப்பிட்டு வந்தது. கண்டனம் எழுந்ததால் அப்பழக்கத்தைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. இயந்திரம் எடைபோடுவதாயின் முன்னதாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்று இல்லினாய் மாநிலம் 2020 முதல் சட்டமாக்கியது. நம் பதிவு யாரிடம் போகிறது, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று மரியாதையாகக் கேட்பது நம் உரிமை. நம் நாட்டிலும் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

மோசக்காரர்கள் உண்டு, ஜாக்கிரதை!

திரை நல்லவர்களுக்கு மட்டும் உதவுவதில்லை. 2022-இல் நம் நாட்டு இளைஞர் பலர், பெரிய சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் சென்று, ஏமாற்றுக் கும்பல்களிடம் சிறைப்பட்ட செய்தியைப் படித்திருப்பீர்கள். அங்கே போனவர்கள் முட்டாள்கள் அல்லர். வேலை கிடைக்காமல் மனம் நொந்தவர்கள்.

நல்ல கம்பெனி பேட்டிக்குப் பணம் கேட்காது. சீருடைக்கென்றும் பயிற்சிக்கென்றும் முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்க. முகம் காட்டாமல் எழுத்து வழியாகவே பேட்டி நடத்தி, ஐந்தே நிமிடத்தில் வேலை தருவோரை நம்ப வேண்டாம். வேலை உறுதியாகுமுன் வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணையோ அடையாள அட்டையின் இரு பக்கப் படத்தையோ அனுப்பலாகாது. கம்பெனியின் தொலைபேசி எண்ணைத் தாமே தேடிக் கண்டுபிடித்து, இப்படியொரு பேட்டி உண்டா என்று கேட்டுவிடுவது உத்தமம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் எட்டாத தூரம் போய்விடும்.

பேட்டி முடிந்த பின்

நன்றி சொல்லி, எதிரிலிருப்பவர் முடித்த பின்னரே நாம் முடிக்க வேண்டும். இணைப்பு நின்றுவிட்டதென்று எண்ணி, "அப்பாடா, அந்த ஆள் என்னமாய்க் குடைந்தான்!" என்று சொல்லிவிட்டு, பச்சை விளக்கு இன்னும் எரிவதைக் கண்டவர்களும் உண்டு. அன்றே நான்கு வரியில் ஒரு நன்றிக் கடிதம் அனுப்புக. கேட்கப்பட்ட கேள்விகளை நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த பேட்டிக்கு அதுவே பாடநூல். ஒரு வாரம் கழித்தும் பதில் வராவிட்டால் ஒருமுறை விசாரிக்கலாம்.

அப்பெண்ணின் கதை அந்த மழை நாளோடு முடிந்துவிடவில்லை. அடுத்த பேட்டியிலும் வேலை கிடைக்கவில்லை. அதற்கடுத்த பேட்டியன்று உம்மா முற்பகலிலேயே அரைத்து முடித்துவிட்டார்; தம்பி கதவருகே காவல் உட்கார்ந்தான். அவள் பின்னால் வெறுஞ்சுவர். விடுமுறையில் என்ன செய்தாய் என்று மீண்டும் கேட்டார்கள். இம்முறை மாமுவின் கடையையும் இருவர் கையெழுத்திடும் நோட்டையும் பற்றிச் சொன்னாள். அதிகாரி குறுக்கிட்டு, "அந்த நோட்டில் என்னென்ன பத்திகள் போட்டாய்?" என்று கேட்டாராம். அதன்பின் பேச்சு முழுவதும் அந்த நோட்டைப் பற்றியே. அம்மாதமே உத்தியோகம் கிடைத்தது. முதல் சம்பளத்தில் மாமுவுக்கு ஒரு சட்டை எடுத்தாள் என்று கேள்விப்பட்டோம்.

பயிற்சி

இப்பாடத்தைப் படிக்கும் இளைஞர்கள் கீழ்க்கண்டவற்றை இவ்வாரமே செய்து பார்க்க வேண்டுகிறோம்.

1. உம்மைப் பற்றி ஒன்றரை நிமிடம் பேசிப் பதிவு செய்க. ஒருமுறை படத்தை மறைத்துக் குரலை மட்டும் கேட்க. ஒருமுறை குரலை நிறுத்திப் படத்தை மட்டும் பார்க்க.

2. வீட்டிலோ கடையிலோ தோட்டத்திலோ நீர் செய்த வேலை ஒன்றை நிலைமை, கடமை, செய்கை, பலன் என்ற நான்கு படிகளில் எழுதுக.

3. பேட்டி நடக்கும் நேரத்தில் உம் வீட்டில் எழும் ஓசைகளைக் கால்மணி நேரம் உட்கார்ந்து குறித்துக்கொள்க. எவற்றைக் கேட்டு நிறுத்தலாம், எவற்றுக்கு இடம் மாற வேண்டும் என்று பிரித்தறிக.

4. வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பேட்டி அதிகாரியாக வேறு அறையில் உட்காரவைத்துத் திரை வழியே கேள்வி கேட்கச் சொல்க. அவருக்கும் இப்புதிய வழக்கம் விளங்கும்; உமக்கும் கூச்சம் தெளியும்.

படித்த நம் பிள்ளைகள் திரைக்கு முன்னால் தலை குனியாமல் உட்கார்ந்து, தாங்கள் செய்த உழைப்பைத் தங்கள் வாயாலேயே எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே நம் அவா. இன்ஷா அல்லாஹ், அப்படிச் சொல்லி உத்தியோகம் பெற்றவர்கள் அடுத்து வருவோருக்கு அரைமணி நேரம் ஒதுக்கி ஒத்திகை நடத்திக் கொடுப்பார்களாக.